தொண்டும் கூலியும்: திருவிழாக்காலச் சூழற்பணி குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஒரே செயல் ஒருவர் செய்யும்போது தொண்டு எனவும் மற்றொருவர் செய்யும்போது கூலிவேலை எனவும் பெயர்பெறுவது நம் சமுதாயத்திற் புதுமையன்று. கடற்கரையிற் கிடக்கும் குப்பையைப் பல்கலைக்கழக மாணவர் பொறுக்கினால் அது சூழல் தொண்டு. நகரச் சுத்திகரிப்புத் தொழிலாளி பொறுக்கினால் அது அவருடைய வேலை. முன்னவருக்குப் பாராட்டுண்டு, ஊதியமில்லை. பின்னவருக்கு ஊதியமுண்டு, பாராட்டில்லை. இவ்வேறுபாடு எவ்விடத்து நியாயமாகும், எவ்விடத்து அநீதியாகும் என்பதைத் திருகோணமலைத் துறைமுக நகரின் திருவிழாக்காலத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலை, ஞானசம்பந்தராற் பாடப்பெற்ற தலம். போர்த்துக்கேயர் அழித்த பழங்கோயிலின் நினைவையும் பிற்காலத்து எழுந்த கோயிலின் வழிபாட்டையும் ஒருங்கே தாங்கி நிற்பது அதன் மலைமுனை. சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வருகையில் வீட்டு வாயில்கள்தோறும் நிறைகுடம் வைக்கப்படும். பங்குனியில் ஆலய மகோற்சவம், வைகாசியில் வெசாக் கூடுகளும் தன்சல்களும், ஆடியமாவாசையிற் கடல் தீர்த்தம் என விழாக்கள் தொடரும். சித்திரை முதல் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியுற்றிருப்பதால், உல்லாசப் பயணிகள் பெருந்தொகையாக வருவதும் இக்காலத்திலேயேயாம்.

பக்தியும் களிப்பும் பெருகும் இக்காலத்திற் கழிவும் பெருகுகின்றது. தண்ணீர்ப்பந்தலில் ஒருகாலத்திற் செம்பும் குவளையும் இருந்த இடத்தைப் பிளாஸ்ரிக் குவளைகள் பிடித்துக்கொண்டன. சமய விழாக்கள் உட்படப் பொது நிகழ்வுகளிற் பொலித்தீன் அலங்காரங்களைப் பயன்படுத்துதல் 2017 செப்டெம்பரில் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 2023 ஒக்டோபரில் ஒருமுறை மட்டும் பயன்படும் குவளைகள், தட்டுகள், உறிஞ்சுகுழல்கள் ஆகியவற்றுடன் பிளாஸ்ரிக் பூமாலைகளும் தடைப் பட்டியலிற் சேர்ந்தன. எனினும் சட்டம் கடற்கரையை முற்றாகத் தூய்மையாக்கிவிடவில்லை. பிரடெரிக் கோட்டையிலும் நகரத் தெருக்களிலும் உலவும் புள்ளிமான்கள் குப்பையோடு பொலித்தீனையும் உண்டு மடிவது பலமுறை செய்தியாகியுள்ளது.

இத்தகைய சூழலிற்றான் சூழல் பேணலையும் கலையையும் இணைத்துப் பணிபுரியும் சிறு தொண்டு நிறுவனங்களின் தேவை எழுகின்றது. அத்தகைய நிறுவனமொன்றிற் கலைப்பீட மாணவி ஒருத்தி விழாக்காலத்து மூன்று மாதங்களுக்குப் பயிலுநராகச் சேர்கிறாள் எனக் கொள்ளலாம். காலையிற் கடற்கரையிற் போத்தல்களையும் அறுந்த வலைத்துண்டுகளையும் சேகரிக்கிறாள். பகலில் அவற்றைக் கழுவித் தரம்பிரிக்கிறாள். மாலையிற் சிறுவர்க்கு அவற்றைக்கொண்டு மீனுருவும் ஆமையுருவும் செய்யக் கற்பிக்கிறாள். இரவிற் கண்காட்சிப் பந்தலைக் காவல் காப்பதும் அவள் பொறுப்பே. மாத முடிவில் அவளுக்குக் கிடைப்பது ஒரு நன்றியுரை. பயிற்சி முடிவிற் கிடைப்பது ஒரு சான்றிதழ். இது தொண்டா? பயிற்சியா? அன்றி, ஊதியம் மறுக்கப்பட்ட உழைப்பா?

தொண்டே என்பார் கூறும் நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் வெவ்வேறு அதிகாரங்களாக வகுத்தார். வறியார்க்குக் கொடுப்பது ஈகை; ஊரோடு ஒத்து வாழ்ந்து ஊருக்குப் பயன்படுதல் ஒப்புரவு. மழைக்கு உலகம் கைம்மாறு செய்வதில்லை. அதுபோலவே ஒப்புரவாளனும் கைம்மாறு கருதான். கடற்கரை அனைவர்க்கும் பொது. அதனைத் துப்புரவாக்கக் கூலி கேட்பது தாய்க்குப் பணிவிடை செய்து கூலி கேட்பதைப் போன்றது என்பர் இவர்.

ஆயின் ஈண்டு ஒன்று ஊன்றி நோக்கற்பாலது. கைம்மாறு கருதாமை கொடுப்பவனுடைய அறம். அதனைப் பெறுபவன் உரிமையாகக் கோரமுடியாது. ‘நீ கைம்மாறு கருதாதே’ என உழைப்பைப் பெறுவோனே உழைப்பவளுக்கு உபதேசிக்கும்போது, ஒப்புரவு என்னும் சொல் தன் பொருளை இழந்து, செலவைக் குறைக்கும் கருவியாக மாறிவிடுகின்றது.

தமிழ்ப் பக்தி மரபு இவ்விடயத்தில் என்ன சொல்கின்றது என்பதைக் காணுதல் பயனுடைத்து. கோயில் முன்றிலிற் புல்செதுக்கிய உழவாரத்தைத் தம் அடையாளமாகவே கொண்டவர் திருநாவுக்கரசர். திருவீழிமிழலையிற் பஞ்சம் நிலவிய காலத்து, அடியார்க்கு அமுதளிக்கும்பொருட்டு அவருக்கும் ஞானசம்பந்தருக்கும் இறைவன் நாடோறும் காசு வைத்தருளினான் எனப் பெரியபுராணம் கூறும். நாவுக்கரசர் பெற்ற காசு குறைவின்றி மாறியது. சம்பந்தர் பெற்ற காசுக்கோ கடைவீதியில் வட்டம் கேட்டனர். நாவுக்கரசர் கையாலும் தொண்டு செய்தமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணமெனச் சம்பந்தர் உணர்ந்தார். பின்னர்ப் பதிகம் பாடி நற்காசு பெற்றார்.

அக்காசு நாவுக்கரசரின் சொந்தச் செலவுக்கன்று, பசித்தோர் உணவுக்கே என்பது உண்மை. எனினும் இக்கதை உணர்த்தும் கருத்துத் தெளிவானது. உடலுழைப்புக்கு ஒரு மதிப்புண்டு. அம்மதிப்பைக் காசின் வடிவிற் கணிப்பதால் தொண்டு மாசுபடுவதில்லை. பாட்டினும் கைத்தொண்டின் காசு உயர்ந்து நின்றதாக ஒரு புராணம் துணிந்து கூறியிருப்பது வியப்புக்குரியது.

வரலாற்றுச் சான்றுகளும் இதற்கு அரண் செய்கின்றன. 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலிற் பணியாற்றிய 400 தளிச்சேரிப் பெண்டிர்க்கு ஆளுக்கு ஒரு மனையும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் வழங்கப்பட்டதை இராசராசனின் கல்வெட்டுக் கூறும். கோணேசர் கல்வெட்டு என வழங்கும் நூலும் குளக்கோட்டன் தானத்தார், வரிப்பத்தார் முதலானோரைக் கோணேசர் கோயிலிற் பணிக்கமர்த்தி அவர்தம் கடமைகளையும் வாழ்வாதாரத்தையும் வகுத்த செய்தியைச் சொல்கின்றது. இன்றும் தவிற்காரர், நாதஸ்வரக் கலைஞர், சாத்துப்படி செய்வோர், சப்பறம் கட்டுவோர் ஆகியோர் சம்பளம் பெற்றே விழாவை நடத்துகின்றனர். அதனால் அவர்தம் கலையிற் பக்தி குறைந்துவிட்டதாக எவரும் கருதுவதில்லை.

எனினும் பழைய முறையை முற்றாகப் போற்றுதலும் தகாது. அங்கே பலருடைய பணி பிறப்போடு பிணிக்கப்பட்டிருந்தது. வாழ்வாதாரம் இருந்தது, விலகும் உரிமை இருக்கவில்லை. நாவுக்கரசரோ தாமாக விரும்பி உழவாரத்தைக் கையிலேந்தியவர். எந்நேரமும் கீழே வைக்கக்கூடியவர். ஆகவே ஓர் உழைப்பை அறநோக்கில் மதிப்பிட, ஊதியம் உண்டா என்னும் ஒரு வினா போதாது. விலகும் சுதந்திரம் உண்டா என்பதையும் உடன் வினவுதல் வேண்டும். சுதந்திரம் உண்டு, ஊதியமில்லை எனின் அது தொண்டு. ஊதியமுண்டு, சுதந்திரம் குறைவு எனின் அது பொதுவாக நாம் அறிந்த தொழில். இரண்டும் உண்டெனின் அது நற்பேறு. இரண்டும் இல்லையெனின் அதற்குத் தொண்டு என்னும் பெயர் சிறிதும் பொருந்தாது.

மேற்குறித்த மாணவியின் நிலையை இவ்வளவுகோலால் நோக்குமிடத்து உண்மை புலனாகும். சான்றிதழின்றி அவளுடைய பட்டப்படிப்பு நிறைவெய்தாது. அல்லது வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவம் இல்லை எனத் தள்ளப்படுவாள். இடைநடுவில் விலகினால் மூன்று மாத உழைப்பும் வீண். ஒரு முழுநேர ஊழியருக்குரிய நேர ஒழுங்கு அவளுக்கு உண்டு. ஊழியருக்குரிய சம்பளம் இல்லை. வரிப்பத்தாரின் கட்டுப்பாட்டையும் நாவுக்கரசரின் ஊதியமின்மையையும் ஒருங்கே அவள்மீது சுமத்திவிட்டு அதனைத் தொண்டென்பது சொல்லால் இழைக்கும் அநீதியாகும்.

இதனாற் பாதிக்கப்படுவது அவள் மட்டுமல்லள். 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதன் பின் மூதூர், கிண்ணியாப் பகுதிகளிலிருந்து நகருக்கு வருதல் எளிதாயிற்று. ஆயினும் நாள்தோறும் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் கைக்காசிலிருந்தே போகவேண்டும். மீன்பிடிக் குடும்பத்திலிருந்தோ விவசாயக் குடும்பத்திலிருந்தோ வரும் மாணவர் மூன்று மாதம் இச்செலவைத் தாங்கார். நகரில் வீடும் வசதியும் உள்ளவர் பிள்ளைகளே தாங்குவர். நாளடைவிற் சேவை மனப்பான்மை உடையோர் என்னும் நற்பெயரும் அவர்களுக்கே உரித்தாகும். கடலையும் களப்பையும் நன்கறிந்த பிள்ளைகள் சூழல் தொண்டிலிருந்து விலக்கப்பட, வசதியுள்ளோரே வாங்கக்கூடிய பண்டமாக நற்குணம் ஆகிவிடும். பிரான்சில் இரண்டு மாதத்தை விஞ்சும் மாணவர் பயிற்சிக்குக் கொடுப்பனவு வழங்குதல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டிருப்பது இவ்வாபத்தை உணர்ந்தோர்க்கு வியப்பளிக்காது.

அப்படியாயின் ஊதியமற்ற உழைப்பு அனைத்தும் சுரண்டல்தானா? அன்று. 1958ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொலுவ என்னும் சிற்றூருக்குத் தம் மாணவரை அழைத்துச் சென்று, ஊரவரோடு சேர்ந்துழைக்கச் செய்தார். சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கம் அதுவே. சிரமதானம் என்பது உழைப்பைத் தானமாக வழங்குதல். அதன் சிறப்பு, மாணவர் கூலி பெறாமையில் மட்டும் இருக்கவில்லை. யாரோடு சமமாக நின்றனர் என்பதிலேயே பெரிதும் இருந்தது. 1901இற் கல்கத்தாக் காங்கிரசு மாநாட்டில் மலகூடங்களின் நிலைகண்டு காந்தியடிகள் தாமே துடைப்பத்தைக் கையிலெடுத்ததும் இத்தகையதே. தொண்டர்களோ அது தோட்டிகளின் வேலையெனக் கூறி நின்றனர். எவருக்கோ பிறப்பால் விதிக்கப்பட்டதெனக் கருதப்பட்ட வேலையைத் தம் வேலையாகவும் ஏற்றமையே அச்செயலின் அறம்.

இவ்விடத்து, தொடக்கத்திற் குறிப்பிட்ட சுத்திகரிப்புத் தொழிலாளியை மீண்டும் நினைத்தல் வேண்டும். தேர் இருப்புக்கு வந்து கூட்டம் கலைந்த பின், விடியுமுன் வீதியைக் கூட்டுபவர் அவர். பயிலுநர் பொறுக்கிய நூறு போத்தல்கள் ஆமையாகிக் கண்காட்சியில் நிற்கின்றன. அவர் அள்ளிய வண்டிக் கணக்கான குப்பை எவர் கண்ணிலும் படுவதில்லை. கழிவிலிருந்து ஆக்கப்படும் கலை, கழிவை நாள்தோறும் சுமப்பவரை மறைத்துவிடுமாயின் அக்கலை பாதி உண்மையே பேசுகின்றது எனலாம். ஊதியமற்ற பயிலுநர் உளர் என்பதைக் காரணமாக்கித் தொழிலாளியின் வேலைநாள் குறைக்கப்படுமாயின், மாணவியின் நல்லெண்ணம் மற்றொருவர் வயிற்றில் அடிப்பதாகவே முடியும்.

சண்டிகாரில் வீதிப் பரிசோதகராயிருந்த நெக்சந்து, உடைந்த பீங்கானையும் கைவிட்ட கட்டடக் கழிவையும் கொண்டு எவருமறியாது பல்லாண்டுகள் சிற்பத் தோட்டம் அமைத்தார். 1975இல் அது வெளிப்பட்டபோது அரசு அதனை இடித்துவிடவில்லை. 1976இற் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது. அவருக்குச் சம்பளத்தோடு அப்பணியையே பொறுப்பாக அளித்து, உதவிக்கு ஐம்பது தொழிலாளரையும் தந்தது. விருப்பத்தாற் பிறந்த கலை, சம்பளம் வந்ததும் மடிந்துவிடவில்லை. முன்னினும் விரிந்து வளர்ந்தது. கூலி கொடுத்தால் தொண்டுணர்வு கெடும் என்பார்க்கு இதுவே தக்க விடையாகும்.

சிறு நிறுவனத்திடம் பணமில்லையே என்னும் வினா எஞ்சுகின்றது. அது மெய்யான இடர்ப்பாடு. பந்தல், அச்சு, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் செலவிட்ட பின் மிஞ்சுவது சொற்பமே. ஆனால் பந்தற்காரருக்கும் அச்சகத்தாருக்கும் ‘இது தொண்டு’ எனக் கூறிப் பணத்தை மறுக்க எந்நிறுவனமும் துணிவதில்லை. கேட்கத் தயங்குவோரிடம் மட்டுமே அச்சொல் பயன்படுத்தப்படுகின்றது. வறுமை ஒரு நிறுவனத்தின் கொடையளவைக் குறைக்கலாம்; அதன் நேர்மையைக் குறைக்கவேண்டியதில்லை. முழுச் சம்பளம் இயலாதெனின் பஸ் கட்டணமும் உணவும் கொடுக்கலாம். மூன்று மாதத்தை ஒரு மாதமாகச் சுருக்கலாம். கற்பிப்பது எது, வேலை வாங்குவது எது என்பதை முதல் நாளிலேயே எழுத்திற் கூறலாம். உண்மையான தொண்டாயின், சான்றிதழை அதனோடு பிணைக்காது, விரும்பும் நாளில் வரவும் விலகவும் விடலாம். கண்காட்சிப் பலகையிற் கலைஞர் பெயரோடு வீதி கூட்டிய தொழிலாளரின் பணியையும் குறிப்பிடலாம். இவற்றுட் பல பணமே வேண்டாதவை.

இவற்றைக்கூடச் செய்ய இயலாத நிறுவனம், பயிலுநரைச் சேர்க்கும் எண்ணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே முறை. விழாக் கண்காட்சியில் ஆமையுரு ஒன்று குறைந்தால் ஊருக்கு இழப்பில்லை. இளைஞர் தலைமுறையொன்று தொண்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் ஐயுறத் தொடங்குமாயின், அவ்விழப்பை ஈடுசெய்யப் பல விழாக்கள் போதா.