தண்டல் அட்டை

மதுரை கே.புதூரில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஓர் அக்கா இட்லிக்கடை போட்டிருக்கிறார். காலை ஏழரைக்குத் தண்டல்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார். அக்கா டப்பாவிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டுவார். அட்டையில் ஒரு கட்டம் நிரம்பும். இருவரும் முகம் பார்த்துக்கொள்வதுகூட இல்லை.

ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "தினம் நூறு ரூபா கட்டுறீங்கள்ல அக்கா, அதையே சேர்த்து வச்சா கடனே வாங்க வேணாமே?" சம்பளத்தை 50-30-20 என்று பிரிக்கச் சொல்லும் யூடியூப் வீடியோ ஒன்றை முந்தின இரவுதான் பார்த்திருந்தேன். அக்கா சட்னி ஊற்றிக்கொண்டே கேட்டார்: "சேத்து முடிக்கிற வரைக்கும் மாவுக்கு அரிசி யாரு தம்பி குடுப்பா?"

அன்று லேப்டாப்பைத் திறந்ததும் ஆபீஸ் வேலைக்கு முன்னால் அந்த அட்டையை எக்செலில் போட்டேன். கடன் 10,000. கையில் வருவது 8,500. தினம் 100 வீதம் 100 நாள். பார்த்தால் 15 சதவீதம் பிடித்தம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டுக் கணக்கில் சுமார் 120 சதவீதம் வருகிறது. நம் ஊரில் 'பத்து வட்டி' என்கிறோமே, நூற்றுக்கு மாதம் பத்து, அதே கணக்கு.

நான் கிரெடிட் கார்டில் ஷூ வாங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் வட்டியே கிடையாது, போதாததற்கு கேஷ்பேக் வேறு. ஒழுக்கம் என்று பார்த்தால் அக்கா எனக்கு மேல். மழையானாலும் காய்ச்சலானாலும் தவணை தவறாதவர். நானோ லேட் ஃபீஸ் கட்டியவன். இருந்தும் அதே பணம் எனக்கு இலவசம், அவருக்கு 120 சதவீதம். பணம் இருக்கிறவனுக்குப் பணம் மலிவு. இதைத்தான் எந்த வீடியோவும் சொல்வதில்லை.

(சட்டம் இல்லாமல் இல்லை. அதீத வட்டி வசூலைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. எக்ஸெல் மட்டும் ஏழரைக்கு வந்துகொண்டிருக்கிறது.)

அப்படியானால் இல்லாதவர்களிடம் சேமிப்பைப் பற்றிப் பேசவே கூடாதா? இதே அழகர்கோவில் ரோட்டுப் பக்கம், பில்லுசேரியில் இருக்கும் சின்னப்பிள்ளை அம்மாவைத்தான் இதற்கு நினைத்துக்கொள்கிறேன். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து கால் தொட்ட அதே அம்மா. பள்ளிக்கூடம் போகாதவர். களஞ்சியம் என்ற பெயரில் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, மாதாமாதம் சிறுதொகை போடவைத்தவர். அந்தப் பணத்தைக் குழுவே உறுப்பினர்களுக்குக் கடனாகக் கொடுக்கும், வட்டியும் குழுவுக்கே திரும்பும். வட்டிக்காரர் வாசலில் நிற்காமல் இருப்பதற்கான சேமிப்பு அது. பணக்காரர் ஆவது அதன் கணக்கிலேயே இல்லை. 120 சதவீதக் கடனைத் தவிர்ப்பதைவிட லாபமான எஸ்ஐபி உலகத்தில் எங்கே இருக்கிறது?

பலர் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. களஞ்சியத்துக்கு முன்பே அவர் கொத்துத் தலைவி. வயல்வேலைக்கு ஆள் சேர்த்துப் போய், நிலக்காரரிடம் எல்லோருக்குமாகக் கூலி பேசுகிறவர். கூலி பேசத் தெரிந்தவர் சேமிக்கச் சொன்னார் என்பதால்தான் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது என்று நினைக்கிறேன். நான் எந்தக் கூலியைப் பேசினேன்? இரண்டு இட்லிக்கு ஐந்து ரூபாய் ஏறியபோது "என்னக்கா இப்படி" என்றவன்.

2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் வந்தது. தருவதாகச் சொன்ன வீடு வரவில்லை என்று அவர் பேசிய செய்தி 2024 மார்ச்சில் வெளியானது. அதன் பிறகு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. எத்தனையோ பெண்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுத்தவர் தம் வீட்டுக்கு ஓர் அறிவிப்புக்காகக் காத்திருந்தார். சிக்கனத்தால் எது முடியும், எது முடியாது என்பதற்கு எனக்கு வேறு ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்படவில்லை.

போன வாரம், கொஞ்சம் தயங்கித்தான், அக்காவிடம் கேட்டேன். "அடுத்த தடவை நான் தர்றேன், வட்டி வேணாம். மெதுவாக் குடுங்க."

அக்கா சிரித்தார். "அவன்ட்ட வாங்குனா கடன் தம்பி. நூறு நாள்ல கழிஞ்சிரும். உங்ககிட்ட வாங்குனா, நாளைக்கு இட்லி கல்லு மாதிரி இருக்குனு நீங்க சொல்ல மாட்டீக, காசு குடுக்காமப் போனா நானும் கேக்க மாட்டேன்."

பார்சலைக் கட்டி நீட்டினார். நான் ஜிபே செய்ய போனை எடுத்தேன். சில்லறையா இருந்தா குடுங்க தம்பி, ஏழரை ஆகப்போகுது என்றார்.