கொடையும் நிபந்தனையும்
அமெரிக்கா 2003-இல் இயற்றிய எய்ட்ஸ் நிதிச் சட்டம், பணம் பெறும் தொண்டு அமைப்புகள் பாலியல் தொழிலையும் ஆள்கடத்தலையும் எதிர்ப்பதாக உறுதியளிக்க வேண்டும் என்றது. உயிர்காக்கும் கொடைக்கு இப்படி நிபந்தனை விதிப்பது அறமா? கொடுப்பவருக்கும் மனசாட்சி உண்டு. தீமையெனத் தாம் கருதுவதற்குத் துணைபோக மறுக்கலாம். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆணுறையும் இரத்தப் பரிசோதனையும் தொழிலுக்குத் தரும் ஒப்புதல் அல்ல. ஒரு பெண்ணை நோயிலிருந்து காப்பவை. அவள் பிழைப்பைக் கண்டிக்கும் வாசகத்தை ஏற்றுக்கொண்டு, அவளிடமே போய் எந்த முகத்தோடு நம்பிக்கையைக் கேட்பது? தடுப்புப் பணி முழுவதும் அந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது. பிரேசில் 2005-இல் ஏறக்குறைய 4 கோடி டாலரை இதனாலேயே மறுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல் உள்நாட்டு அமைப்புகளை அந்த உறுதிமொழியிலிருந்து விடுவித்தது. 2020-இல் அவற்றின் வெளிநாட்டுத் துணை அமைப்புகளுக்கு அந்த விலக்கு இல்லை என்றது. இரண்டு தீர்ப்புகளும் எடைபோட்டது அமைப்புகளின் பேச்சுரிமையைத்தான், அந்தப் பெண்களின் மானத்தை அல்ல.