சங்கிலியும் அமானிதமும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியின் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்களல்லர். ஷிஃபாவை நாடி வந்த குடும்பத்தார். அந்த நாட்டத்தில் குற்றமில்லை. ஆனால், சங்கிலி யாருக்கு நிம்மதி தந்தது? நோயாளிக்கா, நமக்கா?

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். துஆ கேட்பவர் மருந்தைத் தள்ள வேண்டியதில்லை.

சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. சட்டத்தோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. மனநல மருத்துவரும் மாத்திரையும் நம் ஊருக்குக் கிடைக்க ஒவ்வொரு ஜமாஅத்தும் அரசிடம் கேட்க வேண்டும். தமக்காகப் பேச இயலாதவர்கள் நம்மிடமுள்ள அமானிதம். அவர்களைப் பற்றி நாளை மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம்.