மாற்றாருக்கு மன்றம் தரலாமா?

நம் மன்றத்தின் கதவைத் தட்டி, "ஒரு மாலைப் பொழுதுக்கு இடம் தர இயலுமா?" என்று ஓர் அமைப்பினர் கேட்கின்றனர். கேட்பவர் நம்மவர் அல்லர். நம் கொள்கைக்கு மாறான கொள்கை உடையவர். நாம் மடமை என்று ஒதுக்கியதைப் பெருமை என்று போற்றுபவர். அவருக்கு நாம் என்ன விடை தருவது? கேள்வி சிறிது. ஆனால், நாம் அளிக்கும் விடையிலேதான் நாம் யார் என்பது அடங்கியிருக்கிறது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வழிநெடுகச் சிற்றூர்கள். அச்சிற்றூர்களில் ஐம்பது பேர் கூடி அமர்ந்து பேச இடம் எங்கே இருக்கிறது? திருமண மண்டபம் பணத்தைக் கேட்கும். கோயில் மண்டபம் பிறப்பைக் கேட்கும். பள்ளிக் கட்டடம் மேலிடத்து ஆணையைக் கேட்கும். எதையும் கேட்காமல் எவரையும் வரவேற்க வேண்டும் என்பதற்காகவே படிப்பகங்களும் மன்றங்களும் எழுந்தன. இளைஞர் ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியா உழவரும் தொழிலாளரும் சுற்றி அமர்ந்து கேட்ட இடங்கள் அவை. அத்தகைய இடத்தின் திறவுகோல் நம் கைக்கு வரும்போதுதான் நம் அறம் தேர்வுக்கு வருகிறது. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று உரிமை பேசுவது எளிது. திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு உரிமை பேசுவதே அரிது.

"கொள்கைப் பகைவனுக்குக் கூடமா? நாம் வியர்வை சிந்தி எழுப்பிய சுவருக்குள் நம்மையே ஏசுவதா? கூடாது!" என்பர் சிலர். "யார் கேட்டால் என்ன? வாடகை வருகிறது, வழங்கிவிடு!" என்பர் வேறு சிலர். முன்னதில் வீரம் இருப்பது போலத் தோன்றும். பின்னதில் பெருந்தன்மை இருப்பது போலத் தோன்றும். இரண்டிலும் இல்லாதது ஆராய்ச்சி. அதனை நாம் செய்வோம்.

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் எழுந்த இரண்டு மண்டபங்களை எண்ணிப் பார்ப்போம். 1739ஆம் ஆண்டு ஒயிட்பீல்டு என்ற சமயச் சொற்பொழிவாளர் அந்நகருக்கு வந்தார். நாளடைவில் பாதிரிமார்கள் தம் மேடைகளை அவருக்கு மறுத்தனர். அவர் திறந்த வெளியில் நின்று பேசினார். அது கண்ட மக்கள் பணம் திரட்டி, 100 அடி நீளமும் 70 அடி அகலமும் கொண்ட மண்டபம் ஒன்றை எழுப்பினர். அது ஒயிட்பீல்டுக்கு மட்டும் உரியதாக இருந்ததா? இல்லை. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் அங்கே பேசலாம் என்பது ஏற்பாடு. கான்ஸ்டாண்டிநோபிளின் முப்தி இசுலாத்தைப் பரப்ப ஓர் ஆளை அனுப்பினாலும் அவருக்கும் அங்கே மேடை உண்டு என்று தம் வரலாற்றில் குறிக்கிறார் பெஞ்சமின் பிராங்க்ளின். அவரோ ஒயிட்பீல்டின் சமயக் கருத்துகளுக்குத் தலை வணங்காதவர். ஒருவருக்குச் சாத்தப்பட்ட கதவு, எல்லோருக்கும் திறந்த கதவைப் பெற்றெடுத்தது.

அதே நகரில் அடிமை முறையை எதிர்த்தவர்களுக்கும் கூட்டம் நடத்த இடம் கிடைப்பது அரிதாயிற்று. அவர்களும் பணம் திரட்டினர். ஏறத்தாழ 40,000 டாலர் செலவில் பென்சில்வேனியா மண்டபம் எழுந்தது. 1838ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் திறப்பு விழா. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக அமர்ந்தனர். அதைக் கண்டு பொறாத கும்பல், மே 17ஆம் நாள் இரவு மண்டபத்துக்குத் தீ வைத்தது. தீயணைக்க வந்தவர்கள் பக்கத்துக் கட்டடங்களைக் காத்தனர். மண்டபத்தை எரிய விட்டனர். நான்கே நாள் வாழ்ந்தது அந்த மண்டபம்! சொல்லைக் கேட்க அஞ்சுபவன் முதலில் கதவைச் சாத்துகிறான். பிறகு தீப்பந்தம் தேடுகிறான். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

இடம் மறுக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் பொதுக் கட்டடமும் எல்லா மக்களுக்கும் உரியவை என்று 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து சொல்ல வேண்டியிருந்த நாடு இது! அந்த வரலாற்றை மேடையில் முழங்கிவிட்டு, மேடையை விட்டு இறங்கியதும் மாற்றுக் கருத்துடையவனுக்குக் கதவைச் சாத்தினால், நாம் கற்றது என்ன? நான்கு சுவருக்குள் ஒரு மாலை எதிர்க்கருத்து ஒலித்தால் சரிந்துவிடும் கொள்கை, ஒருநாளும் கொள்கையாக இருந்ததில்லை. ஆகவே, "நம் கருத்துக்கு மாறானவர்" என்ற ஒன்று மட்டும் மறுப்பதற்குக் காரணம் ஆகாது.

அப்படியானால் கேட்பவர் எவருக்கும் கொடுத்துவிடலாமா? அதுவும் இல்லை. கருத்தை விலக்குவது ஒன்று. மனிதரை விலக்குவது மற்றொன்று. 1939இல் வாஷிங்டன் நகரின் கான்ஸ்டிடியூஷன் மண்டபம், மரியன் ஆண்டர்சன் என்னும் பாடகிக்கு மறுக்கப்பட்டது. அவர் பாட்டில் குறை கண்டா? இல்லை, அவர் கறுப்பர் என்பதால். அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று அவர் பாட, 75,000 பேர் கூடிக் கேட்டனர்.

கடல் கடந்து போவானேன்? 1978ஆம் ஆண்டு விழுப்புரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் 12 பேர் கொன்று வீழ்த்தப்பட்டனர். 2023 ஏப்ரலில், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற ஆதித்திராவிட இளைஞர்கள் தாக்கப்பட்டனர். பூசல் தீராமல், ஜூன் 7ஆம் நாள் அதிகாரிகள் கோயிலுக்கே முத்திரையிட்டனர். எல்லோரும் உள்ளே வருவதைவிட எவரும் வராதிருப்பதே மேல் என்ற நிலைக்கு ஒரு வாசலைக் கொண்டுபோய் நிறுத்தும் வல்லமை சாதிக்கு இருக்கிறது! இந்த மண்ணில் நின்றுகொண்டு, "யார் கேட்டால் என்ன?" என்று நாம் சொல்ல முடியுமா?

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "நீங்கள் யார்?" என்பதன்று, "உங்கள் நிகழ்ச்சிக்கு யார் வரக்கூடாது?" என்பது. பாராயணம் செய்வோர் கேட்டால் கொடுக்கலாம். வாசலில் நின்று சாதி கேட்காதவரை. நம்மை மறுத்துப் பேசுவோர் கேட்டால் கொடுக்கலாம். நம்மவரையும் அமர்ந்து கேட்கவிடும்வரை. ஒரு சாதியார் தம் சாதியார் மட்டும் கூடுவதற்குக் கேட்டால், கொடுப்பதற்கில்லை.

"தொழிற்சங்கம் தன் உறுப்பினரை மட்டும் கூட்டினால் கொடுப்பீர், சாதிச் சங்கத்துக்கு மட்டும் மறுப்பீரோ?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சங்கத்தில் உழைப்பவர் எவரும் சேரலாம். சாதியில் எவரும் சேர முடியாது, பிறக்கத்தான் முடியும். பெண்கள் தனியே கூடித் தம் குறைகளைப் பேசுவதும் வேறு. அது எவரையும் தாழ்த்துவதற்காக அடைத்த கதவு அன்று. நெடுங்காலம் வாய் மூடப்பட்டவர் வாய் திறப்பதற்கான தனியிடம்.

இடம் தந்த பின் பேச்சைத் தணிக்கை செய்யவும் நமக்கு உரிமை இல்லை. லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல், 1936இல் நடத்தவிருந்த சாதி ஒழிப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்தவர்கள் சில பகுதிகளை நீக்கக் கேட்டனர். அவர் மறுத்தார், மாநாடே கைவிடப்பட்டது. அவர் அவ்வுரையைத் தாமே நூலாக அச்சிட்டார். மாநாட்டை நடத்தாதவர்களை மறந்தது நாடு. நடத்தப்படாத மாநாட்டின் உரையை இன்றும் படிக்கிறது. சட்டம் தடுக்கும் வன்முறைப் பேச்சு ஒன்றைத் தவிர, மற்றவற்றுக்குத் தக்க விடை மறுநாள் நம் கூட்டத்திலேயே உண்டு.

ஆனால், ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் ஓர் எல்லையை அழுத்தமாகக் குறிக்கக் கடமைப்பட்டவர்கள். மன்றம் நம்முடையது, பள்ளி நம்முடையது அன்று. 2024ஆம் ஆண்டு சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சொற்பொழிவாளர் ஒருவர் முற்பிறவி வினையைப் பற்றிப் பேசினார். உடற்குறையும் அவ்வினையின் பயனே என்ற பொருள்பட மாணவியரிடம் சொன்னார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். அவருடைய துணிவுக்கு நம் தலை தாழ்கிறது. மன்றத்துக்கு வருபவர் விரும்பி வருகிறார். பிடிக்காவிட்டால் எழுந்து போகிறார். வகுப்பில் அமர்ந்துள்ள சிறுமி எழுந்து போக முடியுமா? அரசின் பணத்தில் முழுவதும் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் பிரிவு. அந்த எல்லை அவர்களுக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. நம் கொள்கைப் பரப்புரைக்கும் வகுப்பறை இடமன்று.

"அவர்கள் தம் மண்டபத்தை நமக்குத் தருவார்களா?" என்று கேட்கும் தோழர்களுக்குத் திண்டிவனத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்வோம். 1890களின் தொடக்கத்தில் ஓரிரவு, மருத்துவ ஊழியரான ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை மூவர் ஒருவர்பின் ஒருவராகத் தட்டினர். வெவ்வேறு சமயமும் சாதியும் கொண்டவர்கள். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. அவர் மகள் ஐடாவை அழைத்தனர். அவரோ அப்போது மருத்துவம் கற்றவர் அல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்தத் துயரமே ஐடா ஸ்கடரை மருத்துவராக்கியது. 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு அவர் தொடங்கியதே இன்றைய பெரும் மருத்துவமனை. "எங்கள் சமயத்தை நீங்கள் ஏற்பீர்களா?" என்று கேட்டுவிட்டு அவர் கதவைத் திறக்கவில்லை. அவருடைய சமயத்தை நாம் ஏற்கவில்லை. அந்தச் செயலை ஏற்கிறோம். ஒரு கதவு மூடும்போது விலை கொடுப்பவர் கேட்டவரும் அல்லர், மறுத்தவரும் அல்லர். பேச இடமின்றி உள்ளே கிடக்கும் மூன்றாமவர். அந்தப் பெண்களைப் போல, ஊரில் ஒரே மன்றம் இருந்து அதுவும் மூடினால், இரு தரப்பையும் கேட்டுத் தாமே முடிவு செய்யும் வாய்ப்பை இழப்பவர் நம் ஊர் இளைஞர்.

ஆகவே தோழர்களே, விதிகளை எழுதிச் சுவரில் மாட்டுவோம். எல்லோருக்கும் ஒரே வாடகை. நம் கிளைக்கும் அதுவே. முன் கேட்டவருக்கு முன்னுரிமை. முடித்ததும் பெருக்கி, நாற்காலியை அடுக்கித் தருவது அவர் பொறுப்பு. எந்தப் பிறப்பினரையும் வாசலில் தடுத்தால் அந்த நொடியே இடம் திரும்பப் பெறப்படும். "சுவரிலுள்ள தலைவர்களின் படங்களை ஒரு நாளைக்கு மூடி வையுங்கள்" என்று கேட்டால், "ஒலிபெருக்கி உங்களுடையது, சுவர் எங்களுடையது" என்று பணிவாகச் சொல்வோம். மறுக்க நேர்ந்தால், காரணத்தைக் கடிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டு மறுப்போம். காரணத்தை எழுதக் கை கூசினால், அந்த மறுப்பு தவறு என்று அறிந்துகொள்வோம்.

அவர்கள் பேசும் மாலையில் நாமும் போய்ப் பின்வரிசையில் அமர்வோம். கேட்போம், குறித்துக்கொள்வோம். மறுவாரம் அதே கூடத்தில், அதே வாடகை செலுத்தி, நம் விடையைச் சொல்வோம்.