கைமாறும் ஆயுதமும் காணாத சாட்சியும்: ஓர் அறவியல் நோக்கு

நண்பனொருவன் தெளிந்த மனத்தோடு இருந்த காலத்திலே தன் ஆயுதங்களைப் பிறிதொருவனிடம் அடைக்கலமாக வைக்கின்றான். பின்னர், சித்தங் கலங்கிய நிலையில் வந்து அவற்றைத் திருப்பிக் கேட்கின்றான். கொடுத்தல் முறையாகுமா? பிளேற்றோவின் ‘குடியரசு’ என்னும் நூலின் தொடக்கத்திலேயே சோக்கிரதீசர் எழுப்பும் வினா இது. உண்மை பேசுதலும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தலுமே நீதி என்னும் கருத்து முதியவரான கெபலோசின் பேச்சிலிருந்து பெறப்பட, அதனை அசைப்பதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதுமானதாயிற்று. கெபலோசின் குடும்பத்தார் கேடயத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர்கள் என்பதும், கி. மு. 404 இல் ஏதென்சின் கொடுங்கோலர் அவருடைய மைந்தர் லிசியாசிடமிருந்து பறித்தவற்றுள் 700 கேடயங்கள் அடங்கியிருந்தன என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. போர்க்கருவியால் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் இல்லத்தில் வைத்தே ஆயுதத்தைக் கைமாற்றுவதன் அறம் முதன்முதல் விசாரிக்கப்பட்டது.

இவ்வெடுத்துக்காட்டிலே உடைமையுரிமை மறுக்கப்படவில்லை. ஆயுதம் நண்பனுடையதே. ஆயினும், கொடுப்பவன் பெறுபவனுடைய மனநிலையை அறிந்திருக்கின்றான். அவ்வறிவே அவனைக் கடமைக்கு உட்படுத்துகின்றது. ஏதென்சு போன்ற சிறு நகரொன்றிலே கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் இயல்பு. அவ்விருவரும் ஆயிரம் மைல் இடைவெளியில், ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவராய் இருப்பின் நிலைமை யாது? கொடுப்பவர் எதனையும் அறியார். அறியாதவரிடத்துக் குற்றமில்லை என வாதித்தலும் எளிது. அறியாமை ஒருவரைக் கடமையினின்றும் விடுவிக்குமா, அன்றி அறிய முயலாமையே ஒரு தவறாகுமா? தனியார் இருவரிடையே கைத்துப்பாக்கியொன்றைச் சட்டப்படி அனுப்புதற்கு ஐக்கிய அமெரிக்கா வகுத்த விதிகளும், அவ்விதிகளால் நேரும் செலவுகளும், இவ்வினாவுக்கு ஒரு நாடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தேடிவரும் விடை எனலாம்.

அத்தேடலின் முதற்படி 1927 ஆம் ஆண்டுச் சட்டமாகும். ஆடைக்குள் மறைத்துச் செல்லத்தக்க துப்பாக்கிகளை அரசாங்க அஞ்சல் வழியே அனுப்புதலை அது தடைசெய்தது. மீறுவோருக்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்தது. உற்பத்தியாளரும் வாணிகரும் தம்முள் அனுப்பிக்கொள்வதற்கு விலக்களிக்கப்பட்டது. ஆயின், சட்டம் கட்டுப்படுத்தியது அஞ்சலகத்தை மட்டுமே. தனியார் பொதிச் சேவைகள் அதே கைத்துப்பாக்கியை அதே மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அரசாங்கத்தின் கை கறைபடாதிருந்தது என்பதைவிட அதனால் விளைந்த பயன் வேறு அதிகமில்லை.

இதன் விளைவை 1963 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தெளிவாகக் காட்டுகின்றது. சனாதிபதி கென்னடியின் கொலையை விசாரித்த வாரன் ஆணைக்குழு 1964 இல் வெளியிட்ட அறிக்கையில், லீ ஹார்வி ஒஸ்வால்ட் லொஸ் ஏஞ்சலிசு நகரத்து வாணிப நிலையமொன்றிலிருந்து சுழல்துப்பாக்கியொன்றை வரவழைத்த விபரம் காணப்படுகின்றது. விலை 29 டொலர் 95 சதம். முன்பணம் போக எஞ்சிய 19 டொலர் 95 சதத்தையும் பொதியைப் பெறும்போது செலுத்த வேண்டும். கைத்துப்பாக்கியை அஞ்சலில் அனுப்பலாகாது என்பதனால் 1963 மார்ச் 20 ஆந் திகதி அது புகைவண்டிப் பொதிச் சேவை மூலம் டலஸ் நகருக்கு அனுப்பப்பட்டது. கொள்வனவுப் படிவத்தில் வாங்குபவர் பெயர் ஏ. ஜே. ஹிடெல் என்றிருந்தது. அப்படி ஒருவர் இல்லை. இதனினும் கூர்ந்து நோக்கற்பாலது வேறொன்று. வாங்குபவர் அமெரிக்கக் குடிமகன் என்றும், பாரதூரமான குற்றத்துக்காகத் தண்டிக்கப்படாதவர் என்றும் உறுதிகூறிச் சாட்சியொருவர் ஒப்பமிடுவதற்கு அப்படிவத்திலே ஓர் இடம் விடப்பட்டிருந்தது. அங்கே டி. எப். டிரிட்டல் என்னும் பெயர் காணப்பட்டது. அதுவும் ஒஸ்வால்டின் கையெழுத்தே என எழுத்தாய்வு வல்லுநர் கூறினர்.

சாட்சி வேண்டும் என்பதை வாணிப நிலையம் அறிந்திருந்தது. சாட்சி இருக்கின்றாரா என்பதை அறிய அது முயலவில்லை. சட்டமும் அவ்வாறு முயலுமாறு அதனைக் கேட்கவில்லை. கோடிட்ட இடத்தில் ஒரு பெயர் இருந்தமையே போதுமானதாயிற்று. அச்சுழல்துப்பாக்கியால் அதே ஆண்டு நவம்பர் 22 ஆந் திகதி டலஸ் நகரப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டார் என்பது ஆணைக்குழுவின் முடிவு.

மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபேட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968 ஆம் ஆண்டில், ஒக்டோபர் 22 ஆந் திகதி, சனாதிபதி ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதன்படி, ஒரு மாநிலத்தில் வாழும் தனியார் ஒருவர் வேறு மாநிலத்தில் வாழும் தனியார் ஒருவருக்குத் துப்பாக்கியை நேரே விற்கவோ கொடுக்கவோ அனுப்பவோ இயலாது. அது பெறுபவரின் மாநிலத்திலுள்ள அனுமதிப்பத்திரம் பெற்ற வாணிகர் ஒருவரின் கைக்குச் செல்லல் வேண்டும். பெறுபவர் அவர் முன்னே நேரில் தோன்றித் தம் அடையாளத்தைக் காட்டி, 4473 என இலக்கமிட்ட படிவத்தை நிரப்புதல் வேண்டும். 1993 இன் பிரேடிச் சட்டத்தின் பயனாக 1998 நவம்பர் முதல் வாணிகர் தேசியத் தரவுக் களஞ்சியத்தையும் உசாவுகின்றார். இவ்வாறு, கோடிட்ட இடத்திலே பொய்ப் பெயராக இருந்த சாட்சிக்குச் சட்டம் ஓர் உடலையும் கடையையும் முகவரியையும் கொடுத்தது எனலாம்.

செலவு என்பது இங்கே அறவியல் வினாவோடு ஒட்டியே வருகின்றது. 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு வாணிகர் ஆண்டொன்றுக்கு ஒரு டொலர் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெறலாம். 1968 இல் அது 10 டொலராயிற்று. 1993 இல் முதல் மூன்றாண்டுகளுக்கு 200 டொலர் என உயர்ந்தது. சாட்சியாக இருத்தற்குரிய தகுதிக்குச் சமுதாயம் அளித்த மதிப்பின் வளர்ச்சியை இத்தொகைகளிலும் ஓரளவு காணலாம். வாணிகர் தம் பணிக்கெனத் தனியாரிடம் பெரும்பாலும் 20 முதல் 50 டொலர் வரை பெறுகின்றனர். கலிபோர்னியாவிலோ, ஒரே மாநிலத்தார் இருவரிடையே நிகழும் கைமாற்றமும் வாணிகர் மூலமே நிகழ வேண்டும். பத்து நாட் காத்திருத்தலும் உண்டு. வாணிகர் தமக்கெனப் பெறும் கட்டணம் துப்பாக்கியொன்றுக்கு 10 டொலருக்கு மேற்படலாகாது. மாநிலத்துக்குரிய கட்டணம் வேறு. சாட்சி கட்டாயமாக்கப்பட்ட இடத்தில் அவர் கூலிக்கும் வரம்பு கட்டுதல் நேர்மையே.

பொதிச் செலவின் வரலாறு வேறு வகையானது. 2022 ஆம் ஆண்டளவில் யூ. பி. எஸ்., பெடெக்ஸ் ஆகிய இரு பெரும் நிறுவனங்களும் அனுமதிப்பத்திரம் இல்லாதோரிடமிருந்து துப்பாக்கிப் பொதிகளை ஏற்பதில்லை என்னும் நெறியைக் கைக்கொண்டன. 1968 இன் சட்டம் அவ்வாறு கூறவில்லை. தனியார் ஒருவர் வேறு மாநில வாணிகருக்குத் தாமே அனுப்புதல் அச்சட்டத்துக்கு உடன்பாடே. அஞ்சலகக் கதவோ கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை 1927 முதல் அடைபட்டிருந்தது. அந்தத் தடை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்னும் வாதம் அண்மைக் காலத்தில்தான் எழுந்துள்ளது. எனவே அனுப்புபவர் தம் ஊர் வாணிகரை நாட வேண்டியவரானார். அங்கே ஒரு கட்டணம், பொதிக்கு ஒரு கட்டணம், பெறுபவரின் ஊரில் மற்றொரு கட்டணம் என மொத்தம் 100 டொலரை எட்டுதல் அரிதன்று. பழைய கைத்துப்பாக்கியொன்றின் விலையோடு ஒப்பிடின் இது சிறு தொகையல்ல. மக்கள் பிரதிநிதிகள் விவாதித்து விதிக்காத சுமையொன்றை நிறுவனங்களின் நிர்வாகிகள் விதித்தமை, அதன் பயன் நன்றாயினும், குடியாட்சி நெறிப்படி முறையானது எனக் கூறல் கடினம்.

இவ்வாறு செலவையும் சிரமத்தையும் ஏற்பவர் எவர்? சட்டத்தை மதிப்பவரே. களவாக வாங்குபவர் எந்தப் படிவத்தையும் நிரப்புவதில்லை. ஆகவே குற்றமற்றவர் மீதே சுமை ஏற்றப்படுகின்றது என்னும் வாதம் அந்நாட்டில் அடிக்கடி கேட்கப்படுவது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் தனிமனித உரிமை என உயர் நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்த பின்னர் அவ்வாதத்தின் வலிமை கூடியுள்ளது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், விற்பனை என்பது இருவரிடையே முடிந்துவிடும் காரியம் என்னும் எடுகோளின் மீதே அது நிற்கின்றது. பசுவை விற்பவனும் வாங்குபவனும் தம்முள் பேசி முடித்துக்கொள்ளலாம். பசு நோயுற்றால் இழப்பு வாங்கியவனைச் சாரும். துப்பாக்கியின் முன்னே பின்னொரு நாள் நிற்கக்கூடியவர் விலை பேசப்படும் இடத்தில் இருப்பதில்லை. அவருடைய பெயரும் எவருக்குந் தெரியாது. அவர் பொருட்டு அங்கே நிற்பவர் எவரேனும் உளரெனின் அவர் அந்த வாணிகரே. அவருக்குக் கொடுக்கப்படும் சிறு கூலி, இருவரின் உரிமைக்காக மூன்றாமவரை அபாயத்துக்கு உள்ளாக்குவதன் பொருட்டுச் செலுத்தப்படுவது என்று கொள்ளின், அதனைத் தண்டம் எனக் கூறுதல் பொருந்தாது.

அந்தச் சாட்சியிடம் பெயர் பொய்யாகக் கூறப்படின் என்னாகும்? விர்ஜீனியாவில் முன்னாள் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், பென்சில்வேனியாவில் வாழ்ந்த தம் உறவுமுறைப் பெரியவர் ஒருவருக்காகக் கைத்துப்பாக்கியொன்றை வாங்கினார். தமக்கு விலைக்கழிவு கிடைக்கும் என்பது எண்ணம். பெரியவர் 400 டொலருக்குக் காசோலை அனுப்பியிருந்தார். வாங்கியவர் படிவத்தில், உண்மையான கொள்வனவாளர் தாமே எனக் குறித்தார். பின்னர் பென்சில்வேனிய வாணிகர் ஒருவர் மூலம் முறைப்படி துப்பாக்கி கைமாறியது. பெரியவரும் சோதனையில் தேறினார். இருவரும் துப்பாக்கி வைத்திருத்தற்கு உரித்துடையோர். எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் முதற் படிவத்திற் கூறிய பொய்க்காக அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2014 இல் உயர் நீதிமன்ற நீதியரசருள் ஐவர் அம்முடிவை உறுதிப்படுத்த, நால்வர் மாறுபட்டனர்.

நால்வரின் கருத்தில் மனிதநேயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. விளைவை மட்டும் நோக்குவார்க்கு இத்தண்டனை வெறுஞ் சடங்குவாதமாகத் தோன்றும். ஆனால், உண்மையில் வாங்குபவர் எவர் என்பதைச் சாட்சி அறியாவிடின், அவர் எதற்குச் சாட்சி? பொய் நல்லவரால் நல்ல நோக்கத்தோடு கூறப்பட்டது என்பதற்காக அதனை ஏற்பின், டிரிட்டல் என்னும் பெயர் எழுதப்பட்ட அந்த இடத்துக்கே சட்டம் மீளும். ஐவரின் முடிவே ஏற்புடையது. இனி, சாட்சி மௌனமாயிருக்கும் நிலையும் உண்டு. தரவுக் களஞ்சியத்திலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் விடை வராவிடின் வாணிகர் விற்கலாம் என்பது விதி. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்னும் வழக்கு திருமணப் பேச்சுக்குப் பொருந்தலாம். 2015 இல் சார்ள்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் இவ்வாறு விடை வராத நிலையிலேயே கைத்துப்பாக்கியைப் பெற்றான்.

இவற்றினும் விசித்திரமான விதியொன்று உறவினர் தொடர்பிலே காணப்படுகின்றது. ஒகாயோவில் வாழும் தந்தை தம் கைத்துப்பாக்கியை டெக்சாசில் வாழும் மகனுக்குப் பரிசாக அனுப்ப விரும்பின், வாணிகர் இடையில் நிற்றல் வேண்டும். தந்தை இறந்து, மரணசாதனத்தின் மூலமோ முதுசொமாகவோ அதே துப்பாக்கி அதே மகனுக்கு உரித்தாகுமாயின் அத்தேவை இல்லை. உயிரோடிருக்கும் தந்தையை நம்பாத சட்டம் இறந்தவரை நம்புகின்றது! காரணம் ஊகிக்கத்தக்கதே. இறப்பை எவரும் வாணிப வழியாகக் கொள்ளமாட்டார். சொத்துப் பங்கீட்டுக்கும் பெரும்பாலும் பதிவுகள் உண்டு. ஆயினும், மகன் தெளிந்த மனத்தோடு இருக்கின்றானா என்பதை மரணசாதனம் அறியாது.

ஒரே மாநிலத்தார் இருவரிடையே நிகழும் விற்பனையிலே இக்குறை முழுமையாக வெளிப்படுகின்றது. அங்கே மத்திய சட்டம் சாட்சியை வேண்டுவதில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களே வேண்டுகின்றன. வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என அறிந்தோ, அவ்வாறு நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தோ விற்பது மட்டுமே மத்திய சட்டப்படி குற்றம். ஆகவே, வினவாது விற்பவர் வினவி அறிந்தவரைவிடப் பாதுகாப்பான நிலையில் இருக்கின்றார். கேட்டால் அறிய நேரும். அறிந்தால் விற்க இயலாது. எனவே கேளாதிருத்தலே இலாபம். அறவியல் நூல்கள் வேண்டி வருவித்த அறியாமை எனக் கண்டிக்கும் ஒன்றுக்கு, மாநில எல்லைக் கோட்டுக்கு இப்பால் சட்டத்தின் அடைக்கலம் கிடைக்கின்றது. எல்லையைத் தாண்டியவுடன் அதே செயல் குற்றமாகின்றது. துப்பாக்கியின் குண்டு மாநில எல்லையை அறியாது என்பதை நோக்கின், இவ்வேறுபாட்டுக்கு அரசியல் வரலாற்றில் விளக்கம் கிடைக்கலாம், அறத்தில் கிடைக்காது.

வாணிகர் இடைநிற்கும் கைமாற்றத்திலுங்கூட ஓர் இடைவெளி எஞ்சுகின்றது. பெறுபவர் படிவத்தை நிரப்புகின்றார். வாணிகர் களஞ்சியத்தை உசாவுகின்றார். களஞ்சியம் நீதிமன்றங்களும் அதிகாரிகளும் பதிந்தவற்றை மட்டும் கூறுகின்றது. நேற்றுத் தொலைபேசியில் மகனின் குரல் மாறியிருந்தமை எப்பதிவிலும் இல்லை. அதனை அறிந்தவர் அனுப்பும் தந்தை ஒருவரே. பொதியைப் பெறும் வாணிகரின் ஏட்டிலே அவருடைய பெயரும் முகவரியும் மட்டும் ஏறுகின்றன. அவரை நோக்கி எவ்வித வினாவும் எழுப்பப்படுவதில்லை.