துணையற்றவர் யார்?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் வரிசைப்படுத்தும் பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் இரண்டாவது அசரண பாவனை. நான்காவது ஏகத்துவ பாவனை. உயிருக்குப் புகலிடமாவார் பிறர் எவருமிலர் என்பது முன்னது. பிறப்பிலும் இறப்பிலும் வினைப்பயன் நுகர்விலும் உயிர் தனித்தே செல்கிறது என்பது பின்னது. நம் இல்லங்களில் இவ்விரண்டும் மிகுதியாக நினைவுகூரப்படும் இடம் துக்க வீடுதான். கணவரை இழந்த பெண்ணைச் சூழ்ந்தமர்ந்து, "யாருக்கு யாரம்மா துணை? எல்லாம் வினை" என்று பெரியோர் ஆறுதல் கூறுவதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

கூறுவது உண்மையே. ஆனால் அடுத்த பத்து நாட்களுக்குள் அதே கூடத்தில் நடைபெறுவது என்ன? அம்மா யாரிடம் இருப்பது, வீட்டைப் பூட்டுவதா விற்பதா, வங்கிக் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கவேண்டும் என்பவையெல்லாம் பேசி முடிக்கப்படுகின்றன. நான்கு மாதம் மூத்தவனிடம், நான்கு மாதம் இளையவனிடம், எஞ்சிய நான்கு மாதம் மகளிடம் என்று ஒரு மனிதப் பிறவியைக் கால அட்டவணை ஆக்கிவிடுகிறார்கள். (பள்ளியில் ஆண்டுதோறும் கால அட்டவணை போட்டுப் பழகிய நமக்கே இது திகைப்பூட்டுகிறது.) அம்மாவைக் கேட்டீர்களா என்றால், "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள். உலகில் உனக்கு எவரும் துணையில்லை என்று காலையில் உபதேசித்துவிட்டு, எங்கள் துணையின்றி உன்னால் ஒரு நாளும் இருக்க இயலாது என்று மாலையில் தீர்ப்புக் கூறுகிறோம்.

தென்காசியில் வாழும், நமக்கு நெடுநாள் பழக்கமான ஓர் அம்மையார் இத்தீர்ப்பை ஏற்கவில்லை. மக்கள் இருவரும் அன்புடையவர்களே. வெளியூரில் வசதியாக இருக்கிறார்கள். ஆயினும், "என் வீட்டிலேயே நான் இருந்துகொள்கிறேன்" என்று அவர் கூறிவிட்டார். சமய நூல்களில் பயிற்சியுள்ள உறவினர் ஒருவர் இதனை மானக் கஷாயம் என்றார். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கனுள் ஒன்றைச் சுட்டி ஒருவரைக் குறைகூறுவது நம்மிடையே சிறிய சொல்லன்று. வினையைப் பற்றவைப்பது கஷாயமே அன்றோ? ஆதலால் இதனை அமைதியாக ஆராய்தல் வேண்டும்.

நம் சங்கம் நான்கு உறுப்புகளைக் கொண்டது: முனிவர், ஆரியாங்கனையர், சிராவகர், சிராவகியர். சிராவகி என்பவள் சிராவகனின் பின்னிணைப்பாக எண்ணப்படவில்லை, தனியுறுப்பாகவே எண்ணப்பட்டாள். அணுவிரதங்களை அவள் தானே ஏற்கிறாள். கணவன் ஏற்ற விரதம் மனைவிக்குப் பயன்தராது. மகன் செய்த தவறு தாயின் உயிரில் ஒட்டாது. வினை முழுவதும் அவளுடையதே என்றால், அவ்வினைக்குக் காரணமாகும் முடிவுகளும் அவளுடையனவாகவே இருத்தல் வேண்டும். பொறுப்பை அவளிடம் விட்டுவிட்டு உரிமையை மட்டும் நாம் எடுத்துக்கொள்வது எந்த நூலின் நெறி?

இது புதுமைக் கருத்தன்று. தென்காசியிலிருந்து சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலை சென்று பாருங்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. அவர்களுள் குரத்தியர் பலர். திருச்சாரணத்துக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார் என்று ஊர்ப்பெயராலேயே அவர்கள் அறியப்பட்டனர். திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்னும் அடையாளம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலும், அரசிழந்த விசயை, உடன்பிறந்தான் கோவிந்தன் விதேய நாட்டு மன்னனாயிருந்தும், தண்டகாரணியத்துத் தவப்பள்ளியில்தான் வாழ்ந்தாள்.

அவர்கள் துறவியர், இல்லறத்தாருக்கு இது பொருந்துமா என்பார் உளர். கழுகுமலையிலேயே சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கும் அம்பிகை இயக்கி இல்லறத்தாள்தான். முனிவருக்கு உணவளித்த காரணத்தால் கணவனால் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, இரு குழந்தைகளுடன் நடந்தவள். இயக்கி என்னும் சொல்லே இசக்கி ஆயிற்று என்பர் ஆய்வாளர். தென்காசிப் பக்கத்தில் தெருவுக்கொரு இசக்கியம்மாளும் இசக்கிமுத்துவும் இருப்பதன் வேர் அங்கே உள்ளது. அவள் இறந்தபின் தெய்வமானாள் என்று கதை முடிகிறது. நமக்கு இதில் முழு நிறைவில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. வீட்டில் சமைத்த உணவைத் தன் விருப்பப்படி தானமளிக்கும் உரிமை உயிரோடிருந்தபோதே அவளுக்கு இருந்திருக்கவேண்டும்.

இங்கேதான் அபரிக்கிரகம் பற்றிய கேள்வி எழுகிறது. முதிய வயதில் வீடும் கணக்கும் எதற்கு, பற்றை விடவேண்டிய காலமல்லவா என்கிறார்கள். விடவேண்டியதே. ஆனால் பரிக்கிரக பரிமாணம் என்பது தன்னிடம் உள்ளதைத் தானே அளவிட்டுக்கொள்வது. பிறர் பிடுங்கிக்கொண்டதை விரதம் என்று சொல்ல இயலாது. கையில் ஒன்றுமில்லாதவள் எதைத் தானமளிப்பாள்? இந்த வகையில் நம் சமூகத்தின் பழைய வழக்காறு மேலானது. ஏனைய இந்து விதவைகளுக்கு வாழ்நாள் அனுபவம் மட்டுமே இருந்த காலத்தில், மகனில்லாத ஜைன விதவைக்குக் கணவர் தாமே ஈட்டிய சொத்தில் முழு உரிமையும், கணவரின் அனுமதியின்றியே தத்தெடுக்கும் உரிமையும் உண்டென்ற வடநாட்டு அகர்வால் ஜைனரின் வழக்காற்றை 1878இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ஏற்றது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் ஜைனருக்கும் உரியது. கணவர் உயிலின்றி மறைந்தால் மனைவிக்கு மக்களுக்குச் சமமான பங்கு உண்டு, அது முழு உரிமையும் ஆகும். இதனைப் படித்தவர் வீடுகளிலும் பெண்கள் அறிந்திருப்பதில்லை.

நம் அம்மையார் முதலாண்டில் பட்ட பாடு சிறிதன்று. வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தை அதுவரை அவர் நிரப்பியதில்லை. மின்கட்டணம் எங்கே செலுத்துவது என்பதும் தெரியாது. இரவில் கதவைத் தாழிட்டபின் மூன்று முறை எழுந்து பார்ப்பார். குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைந்தபோது ஓர் அலுவலகத்தில், "ஆண்பிள்ளை யாராவது வரச்சொல்லுங்க" என்றார்கள். அவர் மறுநாளும் தாமே சென்றார். அவ்வாண்டுச் சாரல் காலத்தில் குற்றாலம் சென்றுவந்ததைப் பற்றி அவர் சொன்னது நம் நெஞ்சில் நிற்கிறது. முப்பதாண்டுகளாக விருந்தினரை அழைத்துச் சென்று, பேரருவிக் கரையில் அவர்களுடைய துணிகளையும் எண்ணெய்ப் புட்டியையும் காத்திருந்தவர் அவர். நீருடல் உயிர்களுக்கு இம்சை என்று அருவியில் நீராடுவதில்லை. இம்முறையும் நீராடவில்லை; பாறையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். "யாருடைய துணிக்கும் காவலில்லை டீச்சர்" என்றார்.

அவருக்கு உதவியே வேண்டாமென்பதன்று. அசரணம் கூறிய அதே சூத்திர நூல், ஐந்தாம் அத்தியாயத்தில், உயிர்கள் ஒன்றுக்கொன்று உபகாரம் செய்வனவென்றும் கூறுகிறது. வேடாலில் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரின் ஐந்நூறு மாணாக்கியருக்கும் வேறு நானூறு ஆரியாங்கனையருக்கும் பிணக்கு நேர்ந்தபோது, குரத்தியாரின் மாணாக்கியரைக் காத்து உணவளிக்க ஊரார் பொறுப்பேற்றதைத் தெரிவிக்கிறது. ஐந்நூறு பேருக்குக் கற்பித்த அம்மையாருக்கும் ஊரார் உதவி வேண்டியிருந்தது. ஆனால் பள்ளியை நடத்தியவர் அவரே.

ஆசிரியப் பயிற்சியில் முதல் நாட்களில் வழிகாட்டும் ஆசிரியர் பின் வரிசையில் அமர்ந்திருப்பார். சில நாள் சென்றபின், சொல்லாமலேயே எழுந்து வெளியே போய்விடுவார். பாடம் குழறும்போது உள்ளே ஓடிவந்து சுண்ணக்கட்டியைப் பிடுங்கும் ஆசிரியரிடம் பயின்றவர், பயிற்சி முடிந்தும் ஆசிரியராவதில்லை. சிறுவயதிலேயே கணவரை இழந்த பண்டிதை சந்தாபாய் 1921இல் பீகாரின் ஆரா நகரில் ஜைன பால விச்ராமத்தை நிறுவியபோது, பெண்களுக்கு அடைக்கலம் தந்ததோடு நில்லாது கல்வியும் தந்தது இதனை அறிந்ததால்தான்.

அம்மையாரின் மாற்றுச் சாவி இப்போது அடுத்த வீட்டுப் பூக்காரம்மாளிடம் உள்ளது. மூத்த மகன் நாள்தோறும் மாலையில் பேசுகிறார். முதலில் இரவு எட்டு மணிக்கு அழைத்துச் சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். சூரியன் மறையுமுன் உண்டு முடிப்பவளிடம் எட்டு மணிக்கு என்ன கேள்வி என்று அவர் கடிந்துகொள்ளவே, இப்போது ஐந்தரை மணிக்கு அழைக்கிறார்.