தள்ளுபடியும் வாய்மையும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு தள்ளுபடிக் காலங்கள் வாய்க்கின்றன. ஆடி பிறந்ததும் களியக்காவிளை, நாகர்கோவில் கடைகளின் விளம்பரங்கள் எல்லை தாண்டி வந்துவிடும். ஆவணியில் ஓணம் நெருங்கும்போது, கைத்தறித் துணிக்கு நூற்றுக்கு இருபது என்னும் கேரள அரசின் தள்ளுபடி வரும். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். இரண்டும் ஒன்றுதானா?

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில், ஒரு கடையில் என் மனைவி சேலையொன்று எடுத்தாள். விலை 1,200 ரூபாய். பாதி தள்ளுபடி போக 600. வீடு வந்தபின், விலைச்சீட்டின்மேல் மற்றொரு சீட்டு ஒட்டியிருப்பதை மகள் கண்டாள். உரித்துப் பார்த்தால் அடியில் 650! ஐம்பது ரூபாய்ச் சலுகை அறுநூறு ரூபாய்ச் சலுகையாக வேடம் பூண்டிருந்தது.

“நமக்கென்ன நட்டம்? சேலை அறுநூறு பெறுமே!” என்றாள் மனைவி. எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று அது. காட்டாக்கடைச் சந்தையில் வியாபாரி கூட்டிச் சொல்கிறார். நாம் குறைத்துக் கேட்கிறோம். அதைப் பொய்யென எவரும் கூறுவதில்லையே என்றும் வினவலாம். ஆனால் பேரத்தில் இருவரும் ஆட்டத்தின் விதியை அறிவர். அறியாது அகப்படுபவர், பேச்சு வழக்கம் பழகாமல் புதிதாய்க் குடியேறியவரே. ஒட்டிய சீட்டிலோ, விதியை அறிந்தவர் ஒருவர் மட்டுமே.

நட்டம் நமக்கு மட்டும் அன்று. அடுத்த கடைக்காரர் அதே சேலைக்கு 600 என்று உண்மை விலை எழுதி, தள்ளுபடி இல்லை என்று சொல்லியிருப்பார். அவர் கடையைத் தாண்டித்தானே நாம் போனோம்? பொய்யான தள்ளுபடி முதலில் வீழ்த்துவது நேர்மையான வணிகரை. இதனாலன்றோ, பொருளோ பணியோ வழக்கமாக விற்கப்படும் விலையைப் பற்றி மக்களை மயக்குவது முறையற்ற வணிகம் என்று 1984-ஆம் ஆண்டிலேயே இந்தியச் சட்டம் வகுத்தது! 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதையே கூறுகிறது.

ஓணத் தள்ளுபடியின் இயல்பு வேறு. அங்கு விலை உயர்த்தப்படுவதில்லை. குறைந்த தொகையைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசு ஈடுசெய்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், பாலராமவர்மா மன்னர் காலத்தில், தமிழகத்திலிருந்து வந்து பாலராமபுரத்தில் குடியமர்ந்த சாலியர் குல நெசவாளரின் துணியும் அவ்வாறு விலையாகிறது. ஆயினும் அரசுத் தொகை காலம் தாழ்ந்து வந்ததும் உண்டு. அப்போது சங்கத்தின் கையிருப்பு வற்றும்; குழித்தறியில் கால் புதைத்திருப்பவரின் கூலி தள்ளிப்போகும். உண்மையான தள்ளுபடியும், அதை அறிவியாத ஒருவரின் தோளில் சென்று விழக்கூடும்.

ஆகவே, தள்ளுபடி எவ்வளவு என்பதைவிட, அது யாருடைய பையிலிருந்து வருகிறது என்று கேட்பதே அறத்தின் அளவுகோல். விற்பவர் தம் ஊதியத்தை விட்டுக்கொடுத்தால் அது கொடை. அரசு ஏற்றால் அது உதவி. இல்லாத விலையிலிருந்து வந்தால் அது பொய். தன் உழைப்பையே விற்கும் தையற்காரரும் தனிப்பாட ஆசிரியரும் தாமாகக் குறைத்தால் பெற்றுக்கொள்ளலாம். நாம் நெருக்கிக் குறைத்தால், அது தள்ளுபடி அன்று, பறித்தலே.

அந்தச் சேலையை மனைவி இன்றும் உடுத்துகிறாள். மறு ஆண்டு ஓணத்திற்கோ, பாலராமபுரத்துச் சங்கத்தில் ஒரு வேட்டி எடுத்தாள். தள்ளுபடித் தொகை வந்து சேர்ந்ததா என்று, பணம் கொடுக்குமுன் கேட்டாள். நாம் அனைவரும் கேட்கவேண்டிய கேள்வி அது.